பாதி பாதி என்றொரு விடை இல்லை

ஆட்டைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். நல்ல கயிறு, இறுக்கமான முடிச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட்டாக முடிச்சை அவிழ்த்துவிட, ஆடு நேராகத் துணிக்கடைக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மென்றுவிட்டது. நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

இது தாராவியில் எங்கள் சந்தில் நடந்ததல்ல. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பழைய கைடு ஒன்றில் அச்சாகியிருந்த கேள்வி. கேள்விக்கு மேலே கட்டம் கட்டி ஒரு விதியும் போட்டிருந்தார்கள். ஒருவருடைய பிராணி பிறருக்கு நஷ்டம் உண்டாக்கினால், அவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் அவரே பொறுப்பு. கீழே நான்கு விடைகள்.

கட்டிங் மேசைக்கு அந்தப் பக்கம் என் கணவர் எட்வின், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதுமான நீல பினஃபோர்கள் பித்தான் இல்லாமல் குவிந்து கிடந்தன. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் தையல் மெஷின்கள் நின்றிருந்தன. கஞ்சி போட்ட துணியின் மாவு வாசனையும், எங்கள் தையல்காரர் அஸ்லம் பாய் தட்டில் நறுக்கி வைத்த வெங்காய வாசனையும் கலந்து வந்தன.

"ஆடு பெருசா, குட்டியா?" என்று என் கணவர் கேட்டார்.

"அது போடல."

"கடைக்காரனுக்கும் ஆட்டுக்காரனுக்கும் முன்னப் பின்னப் பேச்சு உண்டா?"

"அதுவும் போடல."

"பொறவு எப்படிச் சொல்லுதது?" அளவு நாடாவை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாடாவை அவிழ்த்துவிட்டுச் சொன்னார். "ஆட்டுக்காரன் பாதி, புள்ளையோட அப்பன் பாதி. கடைக்காரனும் கதவத் தொறந்து போட்டதுக்குக் கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். முடிஞ்சுது."

"பாதி பாதின்னு விடை இல்லங்க. ஏ, பி, சி, டி. நாலுல ஒண்ணச் சொல்லணும்."

கைடை என் கையிலிருந்து வாங்கினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று நடுத் தையலை விரித்துப் பார்த்தார். அதில் விடையைத் தேடுகிறாராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு அப்போது ஒரு வாரம்கூட முழுசாக இல்லை.

மாண்டவலி

மும்பையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைபோட்ட இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போகாமல் முடித்துவைப்பதற்கு மாண்டவலி என்று பெயர். தாதாக்கள் செய்வதும் மாண்டவலிதான், என் கணவர் செய்வதும் மாண்டவலிதான். அவர்கள் அதில் பங்கு எடுப்பார்கள். இவர் அரை கிளாஸ் டீக்கு மேல் எதையும் தொட்டதில்லை.

எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் சுவர் இன்னொரு வீட்டுக்கும் சுவர். ஒருவர் ஆணி அடித்தால் அடுத்தவர் வீட்டுக் காலண்டர் விழும். தண்ணீர்க் குழாய், சாக்கடை மூடி, மாடிப்படி, சத்தம், புகை என்று சண்டைக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் கடைசியில் எங்கள் பட்டறைக்கு வந்து சேரும். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்பார்கள். இவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை விரலில் சுற்ற ஆரம்பிப்பார். சுற்றிக்கொண்டிருக்கும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவிழ்த்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம். பீகாரிலிருந்து வந்து எங்களிடம் தைக்கும் அஸ்லம் பாய்க்குத் தமிழில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. நாடாவைப் பார்த்தே வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

எதிர் வரிசையில் காஜா பாய் தோல் பை தைக்கிறார். ஏர்வாடிக்காரர். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் தன் கதவுக்கு மேலே தகரச் சாய்ப்பு போட்டார். அதிலிருந்து தண்ணீர் நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்று அவர்கள் கொதித்தெழுந்தார்கள். இவர் நாடாவைச் சுற்றினார், அவிழ்த்தார், போய் அளந்தார். தகரத்தைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் சாய்த்து, தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சாக்கடையில் விழும்படி செய்தார். இரண்டு வீட்டுக்காரரும் முணுமுணுத்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே அளவு மொணங்குனா அது நல்ல மாண்டவலி" என்பார்.

எங்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அவர் கத்தோலிக்கர், மாதா கோயில்காரர்; நான் புராட்டஸ்டண்ட் சபைக்காரி. தாலி எந்தக் கோயிலில் என்று இரண்டு குடும்பமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளையே நாடாவைச் சுற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். ஒரு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிப்பு, இன்னொரு கோயிலில் தாலி. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே. இத்தனை வருடமாக அந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீர்ப்புக்கு இந்தியில் ஃபைசலா என்று பெயர். நம் ஊரில் பைசல் பண்ணுவது என்கிறோமே, அதே சொல். ஃபைசலா கேட்டு யாரும் இவரிடம் வந்ததில்லை, இவரும் கொடுத்ததில்லை. இவர் முன்னால் யாரும் தோற்றதில்லை. அதனாலேயே யாரும் ஜெயித்ததும் இல்லை. நீ செய்தது தப்பு என்று ஒருவர் முகத்தைப் பார்த்து இவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. எனக்கு அதில் கோபம்கூட வரும். சில பேருக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே ஒரு பெஞ்சு

பட்டறையில் நான்கு மெஷின் போட்ட கதையை இந்தத் தொடரில் முன்பு நான் எழுதியதும், மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவர்கள் சட்டம் படிக்கக் கிளம்பியது எதற்காக என்று. நியாயமான கேள்விதான்.

எங்கள் சந்தில் கணவரை இழந்த ஒரு பெண், வீட்டைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக அலைந்துகொண்டிருந்தாள். கொழுந்தன்மார்கள் ஒரு வக்கீலோடு வந்தார்கள். பெயர் மாற்றும் அலுவலகத்துக்கு அவளோடு போக ஆள் இல்லை, இவர் போனார். இரண்டு தரப்பையும் பல நாள் உட்காரவைத்துப் பேசி, கிட்டத்தட்ட ஒரு முடிவுக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த அலுவலக அறையில் இவர் வாயைத் திறந்ததும், எதிர்த்தரப்பு வக்கீல் இவரை மேலும் கீழும் பார்த்தாராம். சட்டைப் பையில் சாக்பீஸ், கழுத்தில் அளவு நாடா.

"யே மாண்டவலிவாலே கோ பாஹர் பிட்டாவ்" என்றாராம். இந்த மாண்டவலிக்காரனை வெளியே உட்காரவை என்று. அறையிலிருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்களில் எங்கள் சந்துக்காரர்களும் உண்டு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அந்தப் பெண் தனியாக நின்றாள், பேசத் தெரியாமல்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் வெகு நேரம் முகம் கழுவினார். துண்டை நீட்டியபோது என்னிடம் சொன்னார். "ராணி, உள்ள நின்னு பேசுததுக்கு ஒரு பாத்தியத வேணும்லா. நமக்கு வாய் இருக்கு, அது இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அவர் பி.காம். தபாலில் படித்தவர். பட்டதாரிகளுக்கு மூன்று வருடச் சட்டப் படிப்பு உண்டு, வயது தடையில்லை என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டார். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதைப் பற்றிப் பேசுவார், ஒவ்வொரு வருடமும் யூனிஃபார்ம் சீசன் வந்துவிடும்.

துணைக்கு ஒருத்தி

இங்கே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். ஏப்ரலிலிருந்தே எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. தேர்வும் பார்த்து அந்த நேரத்தில்தான் வருகிறது. தேர்வு வைப்பவர்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

அந்த வருடம் எங்கள் மகள் பெனிட்டா முந்திக்கொண்டாள். நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், அங்கிருந்தே போனில் அவருக்கு விண்ணப்பம் போட்டாள். கூடவே எனக்கும் போட்டுவிட்டாள். நானும் தபாலில் பி.ஏ. முடித்தவள்தான்.

"எனக்கு எதுக்குட்டி?" என்று கத்தினேன்.

"அப்பா சின்னப் புள்ளைங்க நடுவுல தனியா உக்காரக் கூச்சப்படுவாங்கம்மா. துணைக்குப் போங்க. எழுதுனா எழுதுங்க, எழுதாட்டி தூங்குங்க."

சரி, துணைக்குத்தானே என்று இருந்துவிட்டேன். சட்டக் கல்லூரி வகுப்பு காலையில். பட்டறையில் துணி வெட்டிக் கொடுத்து வேலையை ஆரம்பித்து வைப்பதும் காலையில். ஒருவர் போனால் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் போவார், நான் இருப்பேன். வெட்டும் வேலையை நான் கற்றுக்கொள்வேன். இது பேசாமலே முடிவான விஷயம்.

விண்ணப்பம் போட்டதை இரண்டு பேரும் மறந்தே போனோம். ஹால் டிக்கெட் வந்திருக்கிறது என்று பெனிட்டா போன் பண்ணியபோது நான் காலர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அன்று மாலையே அவர் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக்குப் போய் ஒரு பழைய கைடை வாங்கிவந்தார். இங்கிலீஷிலும் மராத்தியிலுமாக அச்சடித்தது. முன்னால் வைத்திருந்தவர் பென்சிலால் விடைகளை டிக் அடித்திருந்தார், அதில் பாதி தப்பு. அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாரோ தெரியவில்லை.

செருப்போடு மூளையையும்

செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் முதல் நாள் இலவசம் என்று அஸ்லம் பாய்தான் சொன்னார். டெலிவரிக்குப் போன இடத்தில் போர்டைப் பார்த்தாராம். போனோம். மாடியில் வாசலில் உட்கார்ந்திருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "ஆன்ட்டி, பச்சா கஹா ஹை?" என்றாள். பிள்ளை எங்கே என்று.

"பச்சா ஹம் ஹை" என்றார் இவர், பிள்ளையே நாங்கள்தான் என்று. அந்தப் பெண் சிரித்ததும் இவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஏ.சி. குளிரில் எனக்கு முழங்கால் வலித்தது.

வாத்தியார் எங்கள் பெனிட்டாவைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். வேக வேகமாக இந்தி பேசினார். விதியைப் பார், சம்பவத்தைப் பார், டிக் அடி, போய்க்கொண்டே இரு. உன் கருத்தை யாரும் கேட்கவில்லை. "திமாக் பாஹர் ரக்கோ, சப்பல் கே சாத்" என்றார். வெளியே செருப்பை விடும்போது மூளையையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டுமாம். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் நேரம் போதாவிட்டால் மீதியெல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தைத் தட்டிவிட்டு வா என்றும் சொன்னார்.

இவர் கையைத் தூக்கினார். விதியே அநியாயமாக இருந்தால் என்ன செய்வது என்று இந்தியில் கேட்டார்.

"அங்கிள், எம்.பி. ஆனதும் மாற்றுங்கள். இன்றைக்கு டிக் அடியுங்கள்."

பிள்ளைகள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் மட்டும் அந்தப் பெஞ்சை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பையன் சொல்லுதது சரிதான். ஆனா ஆள விட்டுட்டு விதிய மட்டும் பாக்க எனக்கு வரமாட்டேங்கு."

எனக்கு வந்தது. அதுதான் சங்கடம்.

நான் சமாதானக்காரி இல்லை. பித்தான் கோணலாக இருந்தால் கோணல் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுகிறவள். ஆட்டுக்காரன் பொறுப்பா? பொறுப்பு. பாவம் கட்டித்தானே வைத்திருந்தான்? இருக்கட்டும், விதி என்ன சொல்கிறது? ஏ. அடுத்த கேள்வி. மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே பத்துப் பதினைந்து கேள்விகளை முடித்துவிடுவேன். எத்தனை சரி என்று அவர் கேட்பார். சொல்வேன். "பரவால்லியே" என்பார். பிறகு தன்னுடையதைத் திருத்துவார், எத்தனை என்று நான் கேட்க மாட்டேன். போகப் போக அவர் கேள்வியை வாசிப்பது, நான் விடை சொல்வது என்று ஆகிவிட்டது. துணி வெட்டிக்கொண்டே கேட்கத் தனக்கு வசதியாக இருக்கிறது என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவே முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டு, சரியா தப்பா என்று சொன்னதே இல்லை. குழம்பு உப்புக்குச் சரியா என்பதைத் தவிர. அவர் எதிரில் உட்கார்ந்து அப்படிச் சந்தோஷப்படுவது எனக்கு உறுத்தவும் செய்தது.

சிட்சை

ஒரு நாள் கைடின் மராத்திப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ ராணி, இதப் பாரு. திருட்டுக்கு அதிகபட்ச சிக்ஷா எத்தன வருசம்னு கேட்டிருக்கான். திருடுததுக்குப் படிப்பு வேறயா?"

இந்தியில் சிக்ஷா என்றால் படிப்பு. அவருக்குத் தெரிந்தது பம்பாய் இந்தி. மராத்தியில் அதே எழுத்து, அதே உச்சரிப்பு, அர்த்தம் மட்டும் தண்டனை. எனக்கு மராத்தி அப்படியொன்றும் தெரியாது. ஆனால் சபையில் சின்ன வயதிலிருந்து சிட்சை சிட்சை என்று கேட்டு வளர்ந்தவள். கர்த்தர் சிட்சிப்பார் என்று சொல்லித்தான் எங்கள் வாலைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அது நம்ம சிட்சைங்க. தண்டன."

"ஓ."

"மாதா கோயில்காரங்க வேதத்த ஒழுங்கா வாசிச்சா இதெல்லாம் தெரியும்."

"வாசிக்கோம், வாசிக்கோம். அடுத்த ஞாயிறு எங்க கோயில் முறை, வந்து கேளு." பென்சிலால் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சிரித்தார். "இந்த வயசுல நமக்குப் படிப்பும் தண்டனையும் ஒண்ணுதான் போல."

அஸ்லம் பாய் என்ன என்று கேட்டார். விளக்கியதும் அவரும் சிரித்தார். தேர்வுக்கு முந்திய நாட்களில் எங்கள் பட்டறை அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நெருள்

தேர்வு மையம் நெருளில். சயனில் ஏறி, குர்லாவில் மாறி, கடல் கழிமுகப் பாலத்தைத் தாண்டிப் போனோம். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம், ஒரே ஹால். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாலத்தின்மேல் ரயில் போகும்போது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். நானும் கும்பிட்டேன். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கும்பிட்டேன், அதில் ஒரு கள்ளமும் இல்லை.

ஹாலில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவர். பின்கழுத்தும் இரண்டு காதும் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் எங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்.

கேள்விகள் ஓட ஆரம்பித்தன. எனக்கு ஓடியது. அவர் தலை அசையவே இல்லை. வலது கை மேசைக்குக் கீழே இருந்திருக்கும். எனக்குப் பார்க்காமலே தெரியும், இல்லாத நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாதியில் எனக்கு அந்த நினைப்பு வந்தது. நான் துணைக்கு வந்தவள். வேண்டுமென்றே நான்கைந்து கேள்விகளைத் தப்பாகத் தட்டினால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த கேள்வி திரையில் வந்தது. ஒருவனுடைய மாமரத்துக் கிளை அடுத்தவன் வளவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. விடை பி என்று வாசித்தவுடனே தெரிந்தது. டி-யின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன். அழுத்த முடியவில்லை. பி-யைத்தான் அழுத்தினேன். அடுத்ததும் சரியாகத்தான் போட்டேன். எனக்கு இது வேண்டும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அவர் காதைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வாங்கினோம்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குப் பொதுக் கெணறுன்னு ஒரு கேள்வி வந்துதுல்லா?" என்றார்.

"ஆமா."

"அதுலயே நின்னுட்டேன். அவங்களச் சேத்து வைக்க ஒரு வழியும் குடுக்கலியே. கடைசியில நேரம் ஆயிட்டு."

"மிச்சத்துக்கெல்லாம் ஒரே எழுத்தப் போட்டுட்டு வரச் சொன்னான்லா அந்த வாத்தியார்?"

"தெரியாதத எப்படிட்டி தெரிஞ்ச மாதிரி போடுதது?" என்றார், வடாபாவில் இருந்த பச்சை மிளகாயை எடுத்து என் காகிதத்தில் வைத்துக்கொண்டே. எனக்கு மிளகாய் பிடிக்கும். சிரிக்கலாமென்று வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிடும் போலிருந்ததால் மிளகாயைக் கடித்துக்கொண்டேன்.

மறுபடி அந்த மேசை

முடிவு வந்தபோது நல்ல மழை. பள்ளிக்கூடங்கள் திறந்து, பினஃபோர்கள் எல்லாம் போய், மேசை காலியாகக் கிடந்தது. பெனிட்டா போன் பண்ணினாள். முதலில் என் மார்க்கைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி அவருடையதைச் சொன்னாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு நல்ல கல்லூரியே கிடைக்கும். அவருக்கு எந்தக் கல்லூரியும் கிடைக்காது.

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மெஷினுக்கு எண்ணெய் விடப் போனார்.

இடம் ஒதுக்கிய செய்தியும் வந்தது. சந்துக்குள் எப்படியோ பரவிவிட்டது, ஆனால் கொஞ்சம் மாறிப் பரவியது. காஜா பாய் மழையில் நனைந்தபடி இனிப்புப் பெட்டியோடு வந்து, "அண்ணாச்சி, வக்கீல் ஆயிட்டியளாமே!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் இல்ல பாய்" என்றார் இவர், அவருடைய பிடியிலிருந்து மெல்ல விலகி. "அவ."

காஜா பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இனிப்புப் பெட்டியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

சேருவதை உறுதிசெய்ய இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அன்று மதியம் அஸ்லம் பாய் மட்டும் ஒரு மெஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். இரண்டு நாளாக மனதுக்குள் தைத்து வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன்.

"இங்க பாருங்க. இந்த வருசம் வேண்டாம். நான் சேரல. அடுத்த வருசம் சீசனுக்கு முந்தியே ரெண்டு பேரும் ஒழுங்காப் படிப்போம். மறுபடி எழுதுவோம். உங்களுக்குக் கெடச்சா நீங்க போங்க. கெடைக்காட்டி நான் போறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அவர் பாணியிலேயே சொன்னேன். அவரே சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

அவர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றினார். தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் நின்றது. அஸ்லம் பாய் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவிழ்த்தார்.

"விதி என்னன்னா," என்றார், கைடை வாசிக்கிற குரலில், "ரெண்டு பேரு பரீட்ச எழுதுனா, யாருக்கு எடம் கெடச்சுதோ அவங்கதான் போணும். அவங்க எதுக்கு எழுதுனாங்கங்கது கணக்கு இல்ல. சரியா?"

"என்ன இது?"

"சம்பவம். எட்வினும் ராணியும் எழுதுனாங்க. ராணி துணைக்குத்தான் வந்தா. எட்வினுக்கு ரொம்ப வருசமா ஆசை. எடம் ராணிக்குக் கெடச்சுது. இப்ப யாரு போணும்? ஏ, ராணி. பி, எட்வின். சி, ரெண்டு பேரும் போவாண்டாம்."

"டி?" என்றேன்.

"டி-யில ஒண்ணும் கெடையாது. பாதி பாதின்னு விடை இல்லன்னு நீதான சொன்ன."

"அப்படியில்லங்க, உங்களுக்கு அந்த ஆபீசுல நடந்தது..."

"அது கேள்வியில போடல." நாடாவை மேசைமேல் நீளமாக வைத்தார். முகத்தை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தார். "நீ ஜெயிச்ச ராணி. நான் தோத்துட்டேன்."

இத்தனை வருடத்தில் இந்த இரண்டு வார்த்தைகளை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் குரல் நடுங்கவில்லை. நான்தான் அழுதேன், சத்தமாகவே அழுதேன். அவர் காஜா பாய் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"இனி வெட்டுததக் கத்துக்க வேண்டிய வேல ஒனக்கு இல்ல, பட்டறைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அஸ்லம் பாய்க்குப் பேச்சு புரியவில்லை. நாடாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் மாண்டவலி முடிந்ததா என்று அவரிடமே கேட்டார்.

"க்யா ஹுவா சேட்? மாண்டவலி ஹோ கயா?"

"நஹி பாய்" என்றார் என் கணவர். "ஃபைசலா ஹுவா."